மேய்ச்சலும் பாட்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்

“படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும்!” இந்த வசவைக் கேட்காமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரேனும் உண்டா? கணக்கில் மதிப்பெண் குறைந்தவனுக்கும் இதே வசவு. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கும் இதே வசவு. முல்லை நிலத்து ஆயர்களின் குழலோசையையும், சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையையும் வகுப்பிலே பொருள் கூறிச் சுவைக்கிறோம். மணி அடித்ததும் மேய்ச்சல் தொழிலை வசவுச் சொல்லாக்கி விடுகிறோம். இது என்ன நியாயம்?

அமெரிக்க நாட்டில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கே மாடு மேய்த்தவனைத் தூக்கித் தலைமேல் வைத்தார்கள். ‘கௌபாய்’ என்ற சொல்லுக்கு மாடு மேய்க்கும் பையன் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? தொப்பி, குதிரை, இடுப்பிலே துப்பாக்கி! தமிழிலும் 1972-இல் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ முதல் 2010-இல் வந்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ வரை கௌபாய்ப் படங்களைப் பார்த்து ரசித்திருக்கிறோம். அவற்றில் எல்லாம் உண்டு. மாட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு நாட்டில் மேய்ப்பவன் வசவுச் சொல் ஆனான். இன்னொரு நாட்டில் வேடம் ஆனான். இரண்டிலுமே அவன் செய்த வேலையை யாரும் பார்க்கவில்லை என்பது என் கருத்து. அந்த வேலையையும், அதிலிருந்து பிறந்த பாட்டையும் ஒன்றாகவே பிடித்துக்கொண்டு வாழ்ந்த சில அமெரிக்க, கனடா நாட்டு மனிதர்களைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். தொழிலா, கலையா என்று கேட்டால் இரண்டும்தான் என்று வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்கு அவர்கள் வாழ்க்கையில் ஒரு செய்தி இருக்கிறது.

இரவுக் காவலில் பிறந்த பாட்டு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் மாடுகள் ஏராளம், வாங்குவாரில்லை. வடக்கு, கிழக்கு நகரங்களில் இறைச்சிக்குத் தேவை ஏராளம், மாடில்லை. இடையிலே கான்சாஸ் மாநிலம் வரை இரயில் பாதை வந்திருந்தது. 1867-இல் அபிலீன் என்ற சிற்றூரில் மாடுகளை இரயிலில் ஏற்றும் பட்டிகள் அமைக்கப்பட்டன. அன்று முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இலட்சக்கணக்கான மாடுகளை டெக்சாஸிலிருந்து வடக்கு நோக்கி நடத்தியே ஓட்டிச் சென்றார்கள்.

ஒரு மந்தையில் இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள் இருக்கும். ஓட்டிச் செல்பவர்கள் பத்துப் பதினைந்து பேர். ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து மைல் நடை. பயணம் இரண்டு மூன்று மாதங்கள் நீளும். சம்பளம் மாதம் 30 அல்லது 40 டாலர். இவர்கள் அனைவரும் திரைப்படத்தில் வருவதுபோல் வெள்ளைக்காரர்கள் அல்லர். நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோ நாட்டு மேய்ப்பர்களும் மிகப் பலர். சுருக்குக் கயிறு வீசும் கலையையும், சேணத்தின் அமைப்பையும், ‘ரோடியோ’ என்ற சொல்லையும் ஸ்பானிய மொழி பேசிய அந்த மேய்ப்பர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றார்கள்.

பகலைவிட இரவுதான் அவர்களுக்குக் கடினம். படுத்து அசைபோடும் மந்தை ஓர் இடியோசைக்கோ, ஒரு பாத்திரம் உருளும் ஓசைக்கோ மிரண்டு எழுந்து ஓடினால் அவ்வளவுதான். மாடும் போகும், குறுக்கே குதிரையில் இருப்பவன் உயிரும் போகும். ஆகவே இருவர் இருவராக முறை வைத்து இரவெல்லாம் மந்தையைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் வலமாகவும் மற்றவர் இடமாகவும் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டே பாடுவார்கள். இருட்டில் திடீரென்று ஓர் உருவம் எதிர்ப்பட்டால் மாடு மிரளும். பழகிய குரல் ஒன்று தொலைவிலிருந்தே சீராக வந்துகொண்டிருந்தால் மிரளாது. பாடுகிறவனுக்கும் தூக்கம் வராது. ஆக, பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. கயிற்றையும் சேணத்தையும் போல ஒரு வேலைக் கருவி.

1874-இல் ஜோசப் கிளிட்டன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த வெளிகள் வேலிக்குள் வந்தன. இரயில் பாதைகள் தெற்கு நோக்கி நீண்டன. 1886–87 குளிர்காலத்துப் பனியில் வடக்குப் புல்வெளிகளில் மந்தை மந்தையாக மாடுகள் மடிந்தன. நெடும்பயணக் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். ஆனால் மாட்டுப்பண்ணைகள் முடியவில்லை. பண்ணை வேலையும் முடியவில்லை. பாட்டும் முடியவில்லை.

அந்தப் பாட்டுகளை முதலில் தொகுத்து நூலாக்கியவர் யார் தெரியுமா? ஜாக் தார்ப் என்பவர். நியூயார்க்கில் பிறந்து, நியூ மெக்சிகோ சென்று, மாடு ஓட்டியே பிழைத்தவர். 1889-இல் குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்று பாட்டுகளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். 1908-இல் 23 பாட்டுகள் கொண்ட சிறு நூலைத் தம் சொந்தச் செலவில் எஸ்டான்சியா என்ற சிற்றூரில் அச்சிட்டார். அவரே கட்டிய பாட்டும் அதில் உண்டு. இரண்டாண்டு கழித்து, 1910-இல், ஜான் லோமாக்ஸ் என்ற கல்லூரி ஆசிரியர் இன்னும் பெரிய தொகுப்பை வெளியிட்டார். முதல் தொகுப்பு மேய்ப்பவன் கையால் வந்தது. அடுத்தது ஆசிரியர் கையால் வந்தது. இந்த வரிசையை நண்பர்கள் மனத்தில் வைக்க வேண்டுகிறேன்.

வேடமும் வேலையும்

1893-இல் மான்டானா மாநிலத்தில் டி. ஜே. ஓமாலி என்ற மாடு மேய்ப்பவர், கால்நடை வளர்ப்போர் படிக்கும் ஓர் இதழில் ஒரு கவிதை எழுதினார். இலையுதிர் காலத்து வேலை முடிந்ததும் தாயைப் பார்க்க ஊருக்குப் போகலாம் என்று எண்ணியிருந்த ஒருவன், இரவுக் காவலில் மந்தை மிரண்டதால் மாண்டு போகும் கதை அது. வாய்வழியே பரவிய அந்தப் பாட்டை 1925-இல் டெக்சாஸ்காரரான கார்ல் ஸ்ப்ரேக் பாட, விக்டர் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. மேய்ப்பர் பாட்டுகளில் பெரும் விற்பனை கண்ட முதல் இசைத்தட்டு அதுவே என்பர். ஸ்ப்ரேக் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து அப்பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர். எனினும் பாட்டை நம்பி வேலையை விடவில்லை. ஒரு கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளராகவே இருந்தார்.

அதன் பிறகு ஹாலிவுட் வந்தது. 1930-களில் ‘பாடும் கௌபாய்’ படங்கள் வெள்ளமெனப் பெருகின. அவற்றின் பெரிய நாயகர்களில் ஜீன் ஆட்ரி முன்பு இரயில்வேயில் தந்தி அடித்தவர். ராய் ராஜர்ஸ் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். அவர்கள் நல்ல பாடகர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் பாடிய பாட்டுகளில் பல இன்றும் காதுக்கு இனிமையானவை. ‘ஹோம் ஆன் த ரேஞ்ச்’ என்னும் புகழ்பெற்ற பாட்டை எழுதியவரே கான்சாஸில் வாழ்ந்த ஒரு மருத்துவர்தான். ஆகவே, மேய்த்தவன் மட்டுமே பாட வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை.

ஆனால் நடந்தது என்னவென்று பார்க்க வேண்டும். திரையில் நாயகன் பாடினான். அவன் சட்டையில் சேறில்லை. குதிரை பளபளத்தது, லாயத்தைக் கூட்டிப் பெருக்கியவன் படத்தில் வரவில்லை. கறுப்பின மேய்ப்பனும் மெக்சிகோ மேய்ப்பனும் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். பாட்டை எடுத்துக்கொண்டு பாடுபட்டவனை விட்டுவிட்டார்கள். இன்று நம் திரைப்படங்களில் கிராமியப் பாட்டு என்ற பெயரில் வருவனவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் நண்பர்களுக்கு என் கருத்து விளங்கும்.

பண்ணையின் ஓர் ஆண்டு

வேலையையும் பாட்டையும் சேர்த்து நடத்துவது எளிதா? இல்லை. ஏன் இல்லை என்பதை அறியப் பண்ணையின் ஓர் ஆண்டைப் பார்க்க வேண்டும். இங்கே நான் படிக்கும் விலங்கியலும் சற்று உதவுகிறது.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். கோடையின் தொடக்கத்தில் காளையை மந்தையில் விட்டால் அடுத்த வசந்தத்தில் கன்றுகள் பிறக்கும். குளிர் முற்றிலும் விலகாத அந்த நாட்களில், முதல் ஈற்றுப் பசுக்களை இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். கன்று திரும்பியிருந்தால் கைவிட்டு இழுக்க வேண்டும். பசுவின் கருப்பையில் இருக்கும்போது கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. அது சீம்பால் வழியாக மட்டுமே கிடைக்கும். அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் கன்றின் குடலுக்கு முதல் ஒரு நாள்தான் உண்டு. அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. “நாளைக்குக் கச்சேரி இருக்கிறது, கன்றே, நீ மறுநாள் பிற” என்று சொல்ல முடியுமா?

வசந்தம் முடியும்போது கன்றுகளுக்குக் குறி சுட வேண்டும்; தடுப்பூசி போட வேண்டும். கோடையில் புல்லறுத்துக் காயவைத்து, குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டும். வேலி அறுந்துகொண்டே இருக்கும். கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் மந்தையைத் திரட்டிக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்க வேண்டும். பல பண்ணைகளுக்கு ஆண்டு முழுவதற்கும் வருமானம் அந்த ஒரே விற்பனைதான். பனி கொட்டும் மாதங்களில் நாள் தவறாமல் தீனி போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மேல் உறையும் பனிக்கட்டியை உடைக்க வேண்டும்.

இசைத் தொழிலின் காலண்டரோ இதற்கு நேர் எதிரானது. திறந்தவெளி இசை விழாக்கள் கோடையில் நடக்கும். அப்போதுதான் புல் விளைந்து நிற்கும். நிகழ்ச்சி இரவில் முடியும். மாடு விடியலில் கத்தும். இசைக்குப் பயணம் வேண்டும். மந்தைக்கு ஆள் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு எசமானர்களுக்கு ஒரே ஆள் ஊழியம் செய்வது போன்றது இது.

இந்தச் சிக்கலுக்கு அங்குள்ளவர்கள் கண்ட ஒரு வழி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. நெவாடா மாநிலத்தில் எல்கோ என்ற சிற்றூர் இருக்கிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சிலர், பண்ணைகளில் வேலை செய்யும் கவிஞர்களையும் பாடகர்களையும் திரட்டி, 1985 ஜனவரியில் அங்கே ஒரு கூடல் நடத்தினார்கள். ஏன் ஜனவரி? கடுங்குளிர், சாலையெல்லாம் பனி. விழா நடத்த உகந்த காலமா அது? ஆனால் பண்ணையாட்களுக்குச் சற்றேனும் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். கன்று விற்று முடிந்திருக்கும். அடுத்த ஈற்று தொடங்கியிராது. கலைஞனை விழாவின் வசதிக்கு வளைக்காமல், அவன் தொழிலின் வசதிக்கு விழாவை வளைத்தார்கள். அந்தக் கூடல் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய விழாவாக வளர்ந்துவிட்டது.

நான்கு வாழ்க்கைகள்

இனி, இரண்டையும் சுமந்த நால்வரைப் பார்ப்போம்.

கிளென் ஓர்லின் என்பவர் 1926-இல் மினியாப்பொலிஸ் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே வீட்டை விட்டு நெவாடா பண்ணைகளுக்கு வேலைக்குப் போனார். ரோடியோவில் முரட்டுக் குதிரை ஏறினார். பின்னர் ஆர்க்கன்சா மாநிலத்து மலைப்பகுதியில் சிறு பண்ணை வாங்கி மாடு வளர்த்தார். வேலை செய்த இடங்களில் எல்லாம் கேட்ட பாட்டுகளை நினைவிலே சேர்த்து வைத்திருந்தார். 1963-இல் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களின் நாட்டுப்பாடல் மன்றம் அவரை அழைத்துப் பாட வைத்தது. அடுத்த ஆண்டு அம்மன்றமே அவர் பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டது. 1973-இல் நூறு பாட்டுகளை அவற்றின் வரலாற்றோடு அவர் நூலாக எழுதினார். 1985-இல் அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்கு அளிக்கும் உயரிய சிறப்பைப் பெற்றார். 2015-இல் மறையும்வரை ஊர் ஊராகப் பாடப் போவதும், பண்ணைக்குத் திரும்புவதுமாக வாழ்ந்தார். அவரை உலகுக்குக் காட்டியது பெரிய நிறுவனம் எதுவுமில்லை. நம்மைப் போன்ற மாணவர்களின் மன்றம்!

கிறிஸ் லெடூ வேறு வகை. 1976-இல் சேணமில்லாக் குதிரைச் சவாரியில் உலக வாகையர் பட்டம் வென்றவர். தம் ரோடியோ வாழ்க்கையைத் தாமே பாட்டாக்கி, குடும்பத்தார் உதவியோடு பதிவு செய்து, ரோடியோ நடக்கும் இடங்களிலேயே ஒலிநாடாக்களை விற்றார். இப்படியே இருபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள். பெரிய நிறுவனம் அவரைத் தேடி வந்தது 1991-இல்தான். அவர் வீடு கடைசிவரை வயோமிங் மாநிலத்துக் கேசி என்ற சிற்றூர்ப் பண்ணையில்தான் இருந்தது. 2005-இல் மறைந்தார்.

மூன்றாமவர் கனடா நாட்டு இயான் டைசன். 1933-இல் பிறந்த இவர் ரோடியோவில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது கிதார் கற்றவர். 1960-களில் நாட்டுப்பாடல் உலகில் பெரும் புகழ் பெற்றார். நகரத்திலேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1970-களில் ஆல்பர்ட்டா மாநிலத்துக்குப் போய்க் குதிரை பழக்கும் வேலையில் இறங்கினார். முன்பு எழுதிய ஒரு பாட்டின் ராயல்டிப் பணம் பண்ணை வாங்க உதவியது. அந்தப் பண்ணையோ அவருக்குப் புதிய பாட்டுகளைக் கொடுத்தது. 1983 முதல் அவர் வெளியிட்ட மேய்ப்பர் பாட்டுத் தொகுப்புகள் அவருக்கு இரண்டாவது வாழ்வு தந்தன. பாட்டு நிலத்தை வாங்கிக் கொடுத்தது; நிலம் பாட்டைத் திருப்பிக் கொடுத்தது. 2022-இல் 89-ஆம் வயதில் அந்தப் பண்ணையிலேயே கண் மூடினார்.

நான்காமவர் இளைஞர். கால்ட்டர் வால், 1995-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே பேர் வாங்கிய பிறகு, நகரத்துக்குப் போகாமல் மாடு வளர்க்கத் திரும்பினார். 2020-லும் 2023-லும் அவர் வெளியிட்ட தொகுப்புகளில் பழைய மேய்ப்பர் பாட்டும், தாம் பிறந்த புல்வெளியைப் பற்றிய புதுப் பாட்டும் சேர்ந்தே வருகின்றன. கைப்பேசியில் அவர் குரலைக் கேட்ட என் அறை நண்பன் “பாடுகிறவர் கிழவரா?” என்று கேட்டான். அவ்வளவு கனத்த குரல்.

எதிர்வாதம்

“வேலை கலையைத் தின்றுவிடுமே, பாதி நேரக் கலைஞன் பாதிக் கலைஞன்தானே?” என்று கேட்பார்கள். ஒரு பகுதி உண்மைதான். ஈற்று மாதங்களில் தூக்கத்தையே இழந்தவன் எப்படிப் பாட்டுக் கட்டுவான்? கட்டாமல் போன பாட்டுகளுக்குக் கணக்கும் இல்லை. ஆனால் நான் கேட்கிறேன்: வேலை இல்லையென்றால் அந்தப் பாட்டில் என்ன இருக்கும்? அறுந்த வேலியையும் பிழைக்காத கன்றையும் விடியற்காலைக் குளிரையும் வேறு யார் சரியாகச் சொல்வார்கள்? வேலை நேரத்தை எடுத்துக்கொள்கிறது; பொருளைக் கொடுக்கிறது.

இரண்டாவது வாதம் வலுவானது. “அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, புகழ்ப் பணம் இருந்தது. கூலிக்கு மேய்ப்பவனுக்கு என்ன வழி?” இதை நான் மறுக்கவில்லை. டைசனுக்குப் பண்ணை வாங்கப் பாட்டுப் பணம் வந்தது. எல்லாருக்கும் அப்படி வராது. பாடகர் ஊரில் இல்லாத நாட்களில் மாட்டுக்குத் தீனி போட்டவர் யாரோ ஒருவர் இருக்க வேண்டும். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் வருவதில்லை. ஆகவே வறுமையை அழகு பார்க்க நான் சொல்லவில்லை. உழைப்பவனுக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும். அதற்குப் பிறகும் “நீ ஏன் இன்னும் மேய்க்கிறாய்?” என்று அவனைக் கேட்காதிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

என் வீட்டுக் கிடை

இந்தத் தொலைதூரத்துக் கதை எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமானது என்று வாசகர்கள் எண்ணலாம். என் தந்தையார் செம்மறிக்கிடை போடுபவர். அறுவடை முடிந்த வயல்களில் இரவுதோறும் ஆடுகளை அடைத்து, அந்த எருவுக்காக வயல்காரர் கொடுக்கும் பணத்தையும் நெல்லையும் கொண்டு எங்களை வளர்த்தவர். தை அறுப்பு முடிந்ததும் கிடை ஊர் ஊராக நகரும். இரவில் நரிக்கும் காவல், திருடருக்கும் காவல். அந்தக் காவலில் அப்பா பாடுவார். தெம்மாங்கு மெட்டிலே ஆட்டின் பெயரையும், வழியில் பார்த்த ஊரின் பெயரையும், அன்றைக்கு வயல்காரர் செய்த வம்பையும் இட்டுக்கட்டிப் பாடுவார். ஆடுகள் படுத்து அசைபோடும்.

டெக்சாஸ் இரவுக் காவலைப் பற்றி முதன்முதல் படித்தபோது எனக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகவே தோன்றவில்லை. குதிரை மட்டும்தான் எங்களிடம் இல்லை.

நான் பட்டம் வாங்கப் போகிறேன் என்றதும் உறவினர்கள் ஒரு யோசனை சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். “பையன் டிகிரி முடிக்கப் போறான். இன்னும் என்னத்துக்குண்ணே இந்தக் கிடை? வித்துப்புட்டு நிம்மதியா உக்காருங்க” என்று சித்தப்பா போன பொங்கலுக்குச் சொன்னார். அன்பினால் சொன்னதுதான். அப்பா பதில் பேசவில்லை. கிடையை விற்றால் ஆட்டோடு பாட்டும் போய்விடும் என்பது எனக்குத் தெரிகிறது. அடைத்த ஆடு இல்லாமல் அப்பா பாடி நான் கேட்டதே இல்லை.

விடுமுறை நாட்களில் கிடைக்குப் போகிறேன். குடற்புழு மருந்து கொடுக்கும் கணக்கும், ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும் நாளும் இப்போது என் பொறுப்பு. வகுப்பில் ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுழற்சியைப் படிக்கும்போது, அதை எங்கள் ஆட்டின் வயிற்றுக்குள் வைத்தே படிக்கிறேன். இரவில் அப்பாவின் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. “இதெல்லாம் ஒரு பாட்டாடா? தூக்கம் வராம இருக்கப் பாடுறது” என்கிறார் அப்பா. டெக்சாஸ்காரனைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்.

மேற்படிப்புக்கும் போக வேண்டும். கிடையும் இருக்க வேண்டும். பாட்டும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மூன்றையும் நடத்த முடியுமா என்பதை வரும் ஆண்டுகள்தான் சொல்லும். மந்தையைப் பாதியாகக் குறைக்க வேண்டி வரலாம். தேர்வு மாதங்களில் கூலிக்கு ஆள் வைக்க வேண்டி வரலாம். ஆனால் படிப்பு என்பது மேய்ச்சலிலிருந்து தப்பி ஓடும் வழி மட்டுமே என்று சொல்வாரோடு எனக்கு உடன்பாடில்லை.

நாம் செய்யக்கூடியது

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் கல்லூரியிலும் ஒரு நாட்டுப்பாடல் மன்றம் வேண்டும். இல்லினாய் மாணவர்கள் 1964-இல் இசைத்தட்டு வெளியிடச் செலவு செய்தார்கள்; நமக்கோ கைப்பேசியே போதும். நம்மில் பெரும்பாலோர் உழவர், மேய்ப்பர், கொத்தனார், நெசவாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் அரும்பாடுபட்டுத் தேடித் தொகுத்த பாட்டுகளைப் போன்றவை நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றன. ஒருவர் ஐந்து பாட்டுப் பதிவு செய்து, பாடியவர் பெயர், தொழில், பாடிய சூழ்நிலை ஆகியவற்றோடு நூலகத்தில் வைத்தால், மூன்றாண்டுகளில் ஒரு கருவூலம் சேர்ந்துவிடும். தார்ப் செய்ததைப் போல, பாட்டுக்கு உரியவர்களே தொகுப்பவர்களாகவும் இருப்பது எவ்வளவு நல்லது!

இரண்டாவது, கல்லூரி ஆண்டு விழாவில் கிராமியக் கலை நிகழ்ச்சி வைக்கும்போது, வாடகை உடை உடுத்து நாம் மேய்ப்பர் வேடம் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வேலை செய்துகொண்டே பாடுபவரை மேடைக்கு அழைப்போம். அவருக்கு வேலை ஓய்ந்த நாள் எதுவென்று கேட்டு, அந்த நாளில் விழாவை வைப்போம். எல்கோவில் முடிந்தது இங்கே முடியாதா?

மேய்ப்பவனை வசவாக்கவும் வேண்டாம், வேடமாக்கவும் வேண்டாம். அவன் வேலைக்கு உரிய கூலியையும், அவன் பாட்டுக்கு உரிய காதையும் கொடுப்போம். இனி எவரேனும் என்னிடம் “படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்” என்றால், “படித்துவிட்டும் மேய்ப்பேன் ஐயா, வாருங்கள், ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம்” என்று பணிவோடு சொல்வதாக இருக்கிறேன்.